காயலான் கடையும் கண்காட்சியும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். நசுங்கிய பழைய இரும்பை மலைபோல் ஏற்றிக்கொண்டு லாரிகள் வடக்கே போகும். நீண்ட புதுக் கம்பிகளைச் சுமந்துகொண்டு வேறு லாரிகள் தெற்கே வரும். போவதும் இரும்பு, வருவதும் இரும்பு. இடையிலே நடப்பது ஒரு மறுபிறவி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலுள்ள உருக்காலைகளின் மின் உலைகள் பழைய இரும்பை ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிக் குழம்பாக்குகின்றன. அந்தக் குழம்பே பின்னர் கம்பியாகிறது. உங்கள் கல்லூரித் தூணுக்குள் மறைந்திருக்கும் கம்பி, ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய மோட்டார் வண்டியின் கதவாக இருந்திருக்கலாம். இதிலே வருந்துவதற்கு ஒன்றுமில்லை. பழையன எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் நாம் குடியிருக்க இடம் இராது.

ஆயினும், எதை உலைக்கு அனுப்புவது, எதைக் காப்பது என்று முடிவு செய்யுமுன் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்க்க வேண்டாமா? பாராமல் அனுப்பியவர்களுள் நானும் ஒருவன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

என் ஊர் பொன்னேரிக்குப் பக்கம். நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, என் தமையனார் மிதிவண்டியின் பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு சோழவரத்துக்கு அழைத்துப் போவார். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே அமைத்த விமான ஓடுதளத்தில், 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்தி வந்தது. மற்ற நாட்களில் குடும்பத்தைச் சுமந்து செல்லும் பியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் அங்கே வேறு பிறவி எடுத்துவிடும். வெயில், புழுதி, பெட்ரோல் வாடை, செவியை அடைக்கும் முழக்கம் எல்லாம் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை அமைந்ததும் பந்தயங்கள் அங்கே குடிபெயர்ந்தன. ஆனால் என் உள்ளத்தில் புகுந்த ஆசை குடிபெயரவில்லை.

அந்த ஆசைக்கு அமெரிக்காவில் ஒரு பெயர் உண்டு; மசில் கார் என்பார்கள். தசை வலிமை கொண்ட வண்டி என்று பொருள். 1964ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டி என்பது பலர் கருத்து. நடுத்தர உடலிலே பெரிய வண்டிக்குரிய எட்டு உருளை இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 6.4 லிட்டர். பெட்ரோல் மலிவாகக் கிடைத்தவரை இந்த வண்டிகளின் ஆட்சி நடந்தது. புகைக் கட்டுப்பாடும், காப்பீட்டுக் கட்டண உயர்வும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அதை முடித்து வைத்தன.

நம் நாட்டிலே அந்த வண்டிகளுக்கு உறவுமுறை கொண்டாடத்தக்கது கான்டெஸா ஒன்றுதான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் அதைச் செய்து 1984இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் வாக்ஸால் வண்டியைத் தழுவிய உருவம். நீண்ட மூக்கு, அகன்ற தோள். உள்ளே இருந்ததோ அம்பாசடரின் 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரம். வெறும் ஐம்பது குதிரைத் திறன்! மல்லனின் மார்புக்குள் சிறுபிள்ளையின் இதயத்தை வைத்தது போல. பின்னர் 1,817 கன சென்டிமீட்டர் இசுசு இயந்திரம் வந்த பிறகே தோற்றத்துக்கும் ஆற்றலுக்கும் பொருத்தம் ஏற்பட்டது. 2002இல் உற்பத்தி நின்றது.

இத்தகைய கான்டெஸா ஒன்றை நான் பிறர் கையிலிருந்து வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஓட்டினேன். 2008இல் அது நோய்ப்பட்டது. உறுப்புகள் தேடி அலைந்தேன், பொறுமை தீர்ந்தது. காயலான் கடைக்காரரை அழைத்தேன். அவர் வண்டியின் அழகையோ வரலாற்றையோ விசாரிக்கவில்லை. அது அவர் தொழிலும் அன்று. எடை மேடையில் ஏற்றினார், கணக்குப் போட்டார், பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஒன்பது ஆண்டுத் தோழமைக்குக் கிலோ விலை! அன்று எனக்கு வருத்தம் தோன்றவில்லை என்பதுதான் இப்பொழுது வருத்தமாயிருக்கிறது.

சென்ற ஆண்டு திருவள்ளூருக்கு அருகே பழைய வண்டி அன்பர்கள் கூடி ஒரு சிறு கண்காட்சி நடத்தினார்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் வண்டிகளைச் செய்த வட்டாரம் அல்லவா? அதனால் தொழிலாளர் குடும்பங்களும் திரளாக வந்திருந்தன. கான்டெஸாக்கள் வரிசையாய் நின்றன. அவற்றுள் ஒன்று இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போயிற்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். கார்புரேட்டரைத் திறந்து, ஊசித் துளை போன்ற சிறு குழாயைக் கழற்றி, வாயால் ஊதி, சூரியனை நோக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மறுபடி பூட்டினார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவு திருப்பினார். முழக்கம் சீராயிற்று.

பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி, "எவ்வளவு திருப்பணும்னு எப்படித் தாத்தா தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"காதைக் கொடுத்துக் கேளும்மா. மூச்சு விடுதா, முனகுதான்னு அதுவே சொல்லும்" என்றார் அவர். பிறகு அவள் கையையே அதன்மேல் வைத்துத் திருப்பச் சொன்னார்.

வண்டிக்கு உரிய இளைஞரிடம், அது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "காயலான் கடையில், எடை மேடைக்கு வெளியே நின்றது ஐயா" என்றார். என் நெஞ்சு ஒரு கணம் நின்றது. முன்கண்ணாடி, கதவு, இருக்கை எல்லாம் உற்றுப் பார்த்தேன். அது என் வண்டி அன்று.

2021இல் மைய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாத வண்டிகள் 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு பெறலாம். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் செல்லலாம், அன்றாடச் சவாரிக்கு ஆகாது. முதல் கான்டெஸாவுக்கே அந்தத் தகுதி 2034இல்தான் வரும். அதுவரை அவற்றைக் காப்பது சட்டம் அன்று. தனி மனிதரின் அன்பும், அந்த முதியவரைப் போன்றவர்களின் கைத்திறனுமே. வண்டியை எடை போடலாம். அந்தத் திறனை எந்த மேடையில் ஏற்றி எடை போடுவது?

மாணவ நண்பர்களே, இத்தகைய கண்காட்சிக்குச் சென்றால் மெருகைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முன்மூடியைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். பாடப் புத்தகத்தில் படித்த காற்றும் எரிபொருளும் தீப்பொறியும் அங்கே கண்ணுக்குத் தெரிந்து வேலை செய்யும். கற்றுக்கொடுக்க ஒரு முதியவர் இருந்தால் கையை நீட்டுங்கள். எண்ணெய் படிந்தால் கழுவிக்கொள்ளலாம்.

நான் இப்பொழுதும் அந்த நெடுஞ்சாலையில்தான் போய் வருகிறேன். பழைய இரும்பு லாரி எதிர்ப்பட்டால், நசுங்கிய தகடுகளுக்கிடையே தெரிந்த நிறம் ஏதேனும் உண்டா என்று கண் தானாகவே தேடுகிறது.