வெளிநாட்டில் தொழில் தேடும் நம் சகோதரிகளுக்கு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூறு வருடம் என்றதும் பழைய ஞாபகங்கள்தான் முதலில் வருகின்றன. மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து, கடல் கொந்தளித்த நாட்களில் பாதி நனைந்தபடி வகுப்புக்குள் நுழைந்த தோழிகள். உட்துறைமுக வீதிச் சோதனைச்சாவடியில் புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டு, மணி அடிக்கு முன் ஓடிவந்த காலைகள். அவற்றைச் சொல்ல இன்று பலர் இருக்கிறார்கள். நாங்கள் வேறொரு விடயத்தைப் பேச விரும்புகிறோம். வெளிநாடு போன நம் சகோதரிகள் அங்கே என்ன வேலை செய்கிறார்கள்? இனிப் போகிறவர்கள் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்? இதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. வெட்கம்தான் காரணம்.

எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஓர் அக்காவின் கதையை அவருடைய சம்மதத்துடன் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றார். அவரும் இதே பாடசாலையின் பழைய மாணவி. பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியை. 1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியபோது உடுத்த உடுப்புடன் வீட்டைவிட்டு ஓடினார். வீட்டோடு சான்றிதழ்களும் எரிந்துபோயின. சில வருடங்களில் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தார். அங்கே உணவுப் பொருள் பொதி செய்யும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் இரவு வேலை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் "ஒஃபிஸ் வேலை" என்று எழுதினார். அந்த ஒன்பது வருடத்தில் அங்கிருந்த நம் பழைய மாணவிகள் எத்தனையோ தடவை ஒன்றுகூடினார்கள். அவர் ஒன்றுக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்களும் விசாரிக்கவில்லை.

அவருடைய ஆங்கிலத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறைவாக இருந்தது கடதாசியும், வழி சொல்ல ஓர் ஆளும்தான். ஒன்ராறியோவில் அரச பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர் கல்லூரி எனப்படும் ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிய வேண்டும். படித்த இடங்களிலிருந்து ஆவணங்கள் நேரே அங்கு போய்ச் சேர வேண்டும். சண்டைக்குள் இருந்த ஊரிலிருந்து அது நடக்கிற காரியமா? அந்த ஒரு வாசல் பூட்டியதும் எல்லாம் பூட்டிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருந்தது. புதிதாகக் குடியேறும் வளர்ந்தவர்களுக்குக் கனேடிய அரசின் பணத்தில் ஆங்கில வகுப்புகள் நடக்கின்றன. 1992இல் தொடங்கிய அத்திட்டத்தை லிங்க் என்பார்கள். அங்கே கற்பிக்கப் பாடசாலை ஆசிரியர் பதிவு தேவையில்லை. வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான தனிச் சான்றிதழ் போதும். ஒரு நூலகத்தின் பேச்சுப் பயிற்சி வகுப்பில் தொண்டராக உதவப் போனபோதுதான் இது அக்காவுக்குத் தெரிந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்து முடித்தார். பிறகு ஓய்வு பெறும்வரை அவருக்கு ஆசிரியத் தொழில்தான். "யாராவது ஒரு ஆள் முதல் வருடமே சொல்லியிருந்தால்" என்றார் எங்களிடம். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்தோம்.

வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிப்பது நமக்குப் புதிய விடயமல்ல. 1976இல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெய்ப் பணம் இருந்தது; ஆசிரியர்கள் போதவில்லை. இலங்கையிலிருந்து பட்டதாரிகளும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் ஒப்பந்தத்தில் போனார்கள். சாம்பியாவுக்கும் எதியோப்பியாவுக்கும் போனவர்களும் உண்டு. அவர்களின் தகைமை புறப்படும் முன்பே ஏற்கப்பட்டிருந்தது. அங்கு இறங்கிய நாளிலிருந்தே அவர்கள் ஆசிரியர்கள். பின்னர் எண்ணெய் விலை இறங்கி, நைஜீரியப் பணமும் பெறுமதி இழந்தபோது பலர் திரும்பினார்கள்; சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. தகைமை ஏற்கப்படுமா என்பதைப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டின் ஒப்பந்தத்தை மட்டும் நம்பி வாழ்நாள் முழுவதையும் திட்டமிடக் கூடாது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஆங்கிலம் கற்பிக்கும் வேலை தேடுகிறவர்கள் ஒரு கசப்பான உண்மையைத் தெரிந்திருக்க வேண்டும். சில நாடுகள் கடவுச்சீட்டைத்தான் பார்க்கின்றன. தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்ற ஏழு நாட்டவருக்கே கிடைக்கும். நமது பிள்ளை எவ்வளவு திறமாகப் பேசினாலும் அங்கே அந்தக் கதவு திறக்காது. இது நியாயமில்லை. ஆனால் அதைத் தெரியாமல் முகவருக்குக் காசு கட்டுவது நமது தவறு. மாலைதீவில் பாடசாலைகள் ஆங்கில மொழியில் நடக்கின்றன. இலங்கை ஆசிரியர்கள் அங்கே நெடுங்காலமாக வேலை செய்கிறார்கள். வளைகுடா நாடுகளின் சர்வதேசப் பாடசாலைகளிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜின் செல்ற்றா போன்ற சான்றிதழுக்குப் பல நாடுகளில் மதிப்பு உண்டு. அது குறைந்தது 120 மணிநேரப் பயிற்சி. அதில் ஆறு மணிநேரம் உண்மையான மாணவர்களுக்குக் கற்பித்துக் காட்ட வேண்டும். சில நாளில் இணையத்தில் எடுக்கும் சான்றிதழ்களை அதனுடன் சமமாக எண்ணி ஏமாறாதீர்கள்.

லண்டனில் பாடசாலை வகுப்பறை உதவியாளராகத் தொடங்க ஆசிரியத் தகைமை வேண்டியதில்லை. வைத்தியசாலைகளிலும் நீதிமன்றங்களிலும் மொழிபெயர்த்துச் சொல்வதும் ஒரு தொழில்தான். அதற்குப் பிரித்தானியாவில் தனி டிப்ளோமா இருக்கிறது. அங்கே நமது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்துதான் தகைமை. ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே போகிறவர்கள் ஆங்கிலத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்த நாட்டு மொழியை இங்கிருந்தே தொடங்குங்கள்.

வைத்தியத் தொழிலில் வழி கடினம். ஆனால் எழுதிவைத்த வழி. பிரித்தானியாவில் பதிவு பெறப் பெரும்பாலும் பிளாப் பரீட்சையின் இரண்டு பகுதிகளையும் சித்தியடைய வேண்டும். முதற்பகுதியைக் கொழும்பில் எழுதலாம். இரண்டாவதுக்கு மான்செஸ்டர் போக வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதுவதானால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7 வேண்டும். அந்தப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். அவசரப்பட்டு எழுதிவிட்டு, மற்ற ஆவணங்கள் வருவதற்குள் காலாவதியாகி, மீண்டும் காசு கட்டியவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, கிடைத்த விசாவில் போய்விட வேண்டும் என்ற அவசரம் கூடியிருக்கிறது. பிரித்தானியாவில் முதியோர் பராமரிப்பு வேலை என்று பெருந்தொகை கொடுத்துப் போய், அங்கே வேலையே இல்லாமல் நின்றவர்கள் உண்டு. அனுசரணை உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசு பகிரங்கமாக வெளியிடுகிறது. காசு கொடுக்குமுன் அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். இங்குள்ள முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வைத்தியர்களாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வரும் சகோதரிகள் எங்களிடம் உடம்பு உளைவு, நித்திரையில்லை, நெஞ்சு படபடப்பு என்று வருவார்கள். இரத்தப் பரிசோதனை செய்து, மருந்து தேவையானதற்கு மருந்து கொடுப்போம். பிறகு "அங்க என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று மெல்லக் கேட்டால், சிலர் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். இரவு வேலை உடம்பைக் கெடுக்கிறது. அதை ஒளித்து வைப்பது மனதையும் கெடுக்கிறது. பொதி கட்டுவதிலும் முதியவரைக் குளிப்பாட்டுவதிலும் ஒரு குறைவும் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு ஓடு ஏறியது. எத்தனையோ தம்பிமார் படித்தார்கள். விரும்பிய தொழிலுக்குத் திரும்பும் வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடுவதுதான் எங்களை வருத்துகிறது.

ஆகவே நமது சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஒவ்வொரு நாட்டிலும் எந்தத் தொழிலில் யார் இருக்கிறார்கள், கேட்டால் வழி சொல்ல யார் சம்மதம் என்று ஒரு பதிவேடு வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர்களின் பெயர் மட்டும் போதாது. தொழிற்சாலையில் தொடங்கியவரும் பராமரிப்பு வேலை செய்பவரும் அதில் இருக்க வேண்டும். வழி அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, பாடசாலையைவிட்டு விலகும் ஒவ்வொரு மாணவியின் சான்றிதழ்ப் பிரதியையும், அவர் விரும்பினால், சங்கம் பாதுகாத்து வைக்கட்டும். சண்டையும் 2004 சுனாமியும் கண்ட கரை இது. கடதாசி எவ்வளவு இலேசாக அழியும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, இங்கேயே இருப்பவர்களை மறக்க வேண்டாம். ஆங்கில ஆசிரியர்களும் வைத்தியர்களும் போகப் போக, மிஞ்சியிருப்பவர்கள்தான் இந்த மாவட்டத்தின் பிள்ளைகளையும் நோயாளிகளையும் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் சகோதரிகள் வாரத்தில் ஒரு மணிநேரம் இணையம் வழியாக நமது உயர்தர வகுப்புக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தால், கொண்டுபோனதில் கொஞ்சம் திரும்பி வரும்.

எங்கள் ஆங்கில அக்கா இன்று இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். எழுந்து நிற்கச் சொல்ல மாட்டோம். அது அவருக்குப் பிடிக்காது. தேநீர் இடைவேளையில் போய்ப் பேசுங்கள். வெளிநாடு போக நினைக்கும் தங்கைமார் முதலில் அவரிடம் போங்கள். கேட்டால் சொல்வார்.