பூட்டிய விளையாட்டு

சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடைபெற்றது. ஒரு பக்கத்தில் என் பேரன். கல்லூரியில் முதலாண்டு முடித்தவன். எதிர்ப்பக்கத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவன். இருவரும் ஒரே கணினி விளையாட்டை வாங்க விரும்பினர். விலையும் ஏறத்தாழ ஒன்றே. இணையத்தில் எந்தக் கடையில் வாங்குவது என்பதே வழக்கு. “இந்தக் கடையில் வாங்கினால் விளையாட்டு என் கையில் இருக்கும், தாத்தா. அந்தக் கடையில் வாங்கினால் அது அவர்கள் கையிலேயே இருக்கும்” என்றான் பேரன். “என் நண்பர்கள் எல்லாரும் அந்தக் கடையில்தான் இருக்கிறார்கள், சார். தனியாக வேறு கடையில் வாங்கிவிட்டு நான் யாரோடு விளையாடுவது?” என்றான் மற்றவன்.

பேனா காணாமற்போன வழக்கு முதல் வினாத்தாள் வெளியான வழக்கு வரையில் எத்தனையோ வழக்குகளைத் தலைமையாசிரியர் அறையில் அமர்ந்து தீர்த்தவன் நான். இதற்குத் தீர்ப்புக் கூற என்னால் இயலவில்லை. பத்து நாள் தவணை கேட்டேன். அப்பத்து நாள்களில் தேடிக் கற்றவற்றையே இன்று உங்களிடம் சொல்கிறேன். மாணவர்களே, இவ்விளையாட்டுகளை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆனால் அவற்றின் பின்னே உள்ள சச்சரவு நீங்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஒரு நூலைக் களவாக அச்சிட வேண்டுமானால் அச்சுக்கூடம் வேண்டும், தாள் வேண்டும், ஆள் வேண்டும். கணினியில் உள்ள பொருளைப் படியெடுக்க ஒரு விரல் போதும். எடுத்த படி மூலத்தைவிட எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஓவியரும் இசைவாணரும் கணக்கறிந்தோரும் கூடி ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்த ஒரு விளையாட்டு, வெளிவந்த அன்று மாலையே விலையின்றி ஊர் சுற்றத் தொடங்கினால், உழைத்தவர் வயிற்றுக்கு என்ன வழி? ஆகவே படியெடுப்பதைத் தடுக்க ஒரு பூட்டு வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் குற்றமில்லை. அந்தப் பூட்டு உண்மையில் யாரைத் தடுக்கிறது என்பதில்தான் சச்சரவெல்லாம்.

தொடக்க காலத்துப் பூட்டுகள் சில வேடிக்கையானவை. விளையாட்டோடு வரும் கையேட்டில் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் உள்ள சொல்லைத் தட்டச்சிடுக என்று கணினி கேட்கும். ஆசிரியனாகிய எனக்கு இம்முறை பிடித்திருந்தது. அதன் பொருட்டாவது பிள்ளைகள் கையேட்டைத் திறந்திருப்பார்கள். 1984-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் ‘எலீட்’ என்னும் விண்வெளி விளையாட்டை உருவாக்கினர். மறு ஆண்டு, ஸ்பெக்ட்ரம் என்ற சிறு கணினிக்காக அது வெளிவந்தபோது, பெட்டிக்குள் ‘லென்ஸ்லாக்’ என்ற பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றையும் வைத்தனர். திரையில் இரண்டு எழுத்துகள் சிதைந்து தோன்றும். கண்ணாடியின் வழியே நோக்கினால் அவை ஒன்றுகூடும். அவற்றைத் தட்டச்சிட்டால் விளையாட்டுத் திறக்கும். ஒவ்வொரு விளையாட்டிற்கும் கண்ணாடி வேறு. பெட்டியில் இடும்போது கண்ணாடிகள் மாறிப்போயின. காசு கொடுத்து வாங்கிய நூற்றுக்கணக்கானோர் தவறான கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தனர். தொலைக்காட்சிப் பெட்டி மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தவர்களுக்குச் சரியான கண்ணாடியும் பயன்படவில்லை.

இதை நாம் சிரித்துவிட்டு விடலாம். 2008-இல் நடந்தது அவ்வாறு விடத் தக்கதன்று. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்போர்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. ஒற்றை உயிரணுவில் தொடங்கி விண்வெளி வரை ஓர் உயிரினத்தை வளர்த்துக்கொண்டு போகும் அரிய கற்பனை. அதற்கு இட்ட பூட்டின் பெயர் ‘செக்யூராம்’. அதன் விதி, மூன்று முறைதான் கணினியில் செயற்படுத்தலாம் என்பது. பழைய கணினி பழுதாகிப் புதிது வாங்கினால் ஒரு முறை கழியும். மூன்றும் கழிந்தால் நிறுவனத்தாரை அழைத்து, நான் நேர்மையாக வாங்கியவன்தான் என்று விளக்கிச் சொல்லி அனுமதி பெறவேண்டும். வாங்கியோர் கொதித்தெழுந்தனர். அமேசான் கடையில் ஆயிரக்கணக்கானோர் அதற்கு ஒற்றை நட்சத்திரமே அளித்தனர். சிலர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் மூன்றை ஐந்தாக உயர்த்தியது. இவ்வளவுக்கும் நடுவே, பூட்டு நீக்கிய திருட்டுப் படி, விற்பனை தொடங்கிய நாள்களிலேயே இணையத்தில் உலவியது. திருடியவனுக்கு மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம். வாங்கியவனோ வாசலில் நின்று அனுமதி கேட்டான்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல இடந்தர வேண்டும். நான் முதன்முதலில் பணியேற்ற பள்ளியில் நூலகம் என்று சொல்லத்தக்கவை இரண்டு மரப் பீரோக்கள். நல்ல நூல்கள், நல்ல பூட்டுகள். திறவுகோல் அலுவலகத்தில் இருந்தது. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நூல்கூடக் குறைந்ததில்லை என்பதில் அங்கிருந்தோர்க்குப் பெருமை. ஒரு மழைக்காலத்தில் திறந்து பார்த்தபோது கீழ்த்தட்டு முழுதும் கறையான் புற்றாகியிருந்தது. பின்னர் நான் தலைமையாசிரியரான இடத்தில் பீரோக்களை நாள்முழுதும் திறந்து வைத்தேன். முதலாண்டு பதினொரு நூல்கள் திரும்பி வரவில்லை. உடன் ஆசிரியர் ஒருவர், “பார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்த்தேன், சிலவற்றின் விலையை என் சம்பளத்திலிருந்தே கட்டினேன். திறந்து வைப்பதில் இழப்பே இல்லை என்று சொல்பவர் அனுபவம் இல்லாதவர். ஆகவே விளையாட்டு செய்வோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன்.

ஆயினும் கறையானையும் கணக்கிட வேண்டும் அல்லவா? 2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம், விளையாடும் நேரம் முழுதும் இணையத் தொடர்பு இருந்தாக வேண்டும் என்ற பூட்டை இட்டது. சில நாள்களுக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்நிறுவனத்தின் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி நின்றன. ‘அசாசின்ஸ் கிரீட் 2’ வாங்கியவர் பலர் தம் வீட்டில், தம் கணினியில், தாம் வாங்கிய விளையாட்டை ஆட இயலாமற்போயினர். 2015-இல் வேறொன்று நேர்ந்தது. முன்னாளில் குறுந்தகடுகளுக்கு இட்ட ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டு பாதுகாப்பிற்குக் கேடானது என்று கண்டு, விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. அலமாரியில் கீறலின்றிக் காத்து வைத்திருந்த தகடுகள் ஒரு நாளில் ஊமையாயின.

போலந்து நாட்டின் கதை இதற்கு நேர்மாறானது. அந்நாட்டில் புதிய பதிப்புரிமைச் சட்டம் 1994-இல்தான் வந்தது. அதற்கு முன்னும், அதற்குப் பின் சில காலமும், வார்சா நகரின் திறந்தவெளிச் சந்தைகளில் படியெடுத்த விளையாட்டுகள் காய்கறிபோல் விற்றன. வாங்கியவர் பலருக்கு அது களவு என்ற எண்ணமே எழவில்லை. மார்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிச்சின்ஸ்கி என்ற பள்ளித் தோழர் இருவர் அவ்வாண்டிலேயே சி.டி. ப்ராஜெக்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். சந்தைக்காரனோடு விலையில் போட்டியிட முடியாது; அவனுக்கு முதலே இல்லை. பூட்டாலும் அவனை வெல்ல முடியாது. இவர்கள் என்ன செய்தனர்? 1999-இல் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற பெரிய விளையாட்டைப் போலிஷ் மொழியில் பெயர்த்து, அந்நாட்டின் பெயர்பெற்ற நடிகர்களைப் பேசவைத்து, தடித்த பெட்டியில் தகடுகளோடு நிலப்படமும் இசைத்தகடும் வைத்து விற்றனர். மக்கள் காசு கொடுத்து வாங்கினர். தாய்மொழியில் ஒரு பொருளைச் செம்மையாகச் செய்து கொடுத்தால் வாங்குவார்கள் என்பது தமிழ் படிக்கும் நமக்கும் கவனிக்கத் தக்க செய்தி.

அந்நிறுவனத்தாரே 2008-இல், பழைய நல்ல விளையாட்டுகள் என்று பொருள்படும் பெயரோடு ஓர் இணையக் கடையைத் தொடங்கினர். இன்று ஜி.ஓ.ஜி. என்று வழங்குவது அதுவே. பூட்டு இல்லை என்பதே அக்கடையின் கொள்கை. வாங்கியவர் நிறுவு கோப்பை இறக்கித் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையமும் வேண்டா, கடையின் அனுமதியும் வேண்டா. இப்படிச் சொல்வதால் அவர்களை முனிவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2011-இல் தங்கள் ‘விட்சர் 2’ விளையாட்டின் பூட்டைச் சில நாள்களிலேயே தாங்களே நீக்கியவர்கள், திருட்டுப் படி எடுத்தவர் என்று கருதியோர்க்குப் பணம் கேட்டு வழக்கறிஞர் கடிதமும் அனுப்பினர். வாடிக்கையாளர் முகம் சுளிக்கவே, 2012 தொடக்கத்தில் அதைக் கைவிட்டனர்.

அடுத்த வீட்டுப் பிள்ளையின் கடையான ‘ஸ்டீம்’ அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்தாரால் 2003-இல் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளிவந்தபோது, கடையில் தகடு வாங்கியவரும் ஸ்டீமில் பதிந்த பின்னரே ஆட முடியும் என்றனர். அன்று அதை வசைபாடியோர் ஏராளம். இன்று கணினி விளையாட்டுக் கடைகளில் அதுவே மிகப் பெரியது. திருட்டு என்பது பெரும்பாலும் விலையின் சிக்கலன்று, சேவையின் சிக்கல் என்பது அதன் தலைவர் கேப் நியூவெல் 2011-இல் வெளியிட்ட கருத்து. வாங்கியதை எந்தக் கணினியிலும் இறக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நண்பரோடு கூடலாம், விலை ரூபாயிலேயே காட்டப்படும். இவ்வளவு வசதி கிடைத்தபின் பூட்டு இருப்பதையே பலர் மறந்துவிட்டனர். இதை அவர்களுடைய அறியாமை என்று என் பேரன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாக உழைக்கும் காவற்காரனை நாம் கவனிப்பதில்லை, அவ்வளவே.

காவற்காரன் வேலையை விட்டுப் போகும் நாளில்தான் சிக்கல். ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2014-இல் வெளிவந்தது. தனியே ஆடுவதற்கும் இணையத் தொடர்பு வேண்டும். 2024 மார்ச்சு 31-ஆம் நாள் அதன் சர்வர்களை நிறுத்திவிட்டனர். முழு விலை கொடுத்தவரிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது; 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் ‘வாங்குக’ என்று பொத்தானில் எழுதினால், வாடிக்கையாளர் பெறுவது பொருளன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவித்தாக வேண்டும். இணையமின்றி என்றும் பயன்படுத்தத்தக்க வகையில் இறக்கிக்கொள்ள இடமளிக்கும் கடைக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. ‘வாங்குதல்’ என்ற எளிய சொல்லின் பொருளை ஒரு சட்டமன்றம் கூடி வரையறுக்க நேர்ந்ததை எண்ணி நான் சிறிது நேரம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் மாலை இருவரும் திண்ணைக்கு வந்தனர். நான் வாய் திறக்குமுன் அடுத்த வீட்டுப் பிள்ளை, “சார், இரண்டு கடையும் வேண்டாம் என்று என் அண்ணன் சொல்கிறான். இணையத்தில் சும்மாவே கிடைக்கிறதாம். நம்மை இப்படி ஏமாற்றுகிற கம்பெனிக்காரர்களுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?” என்றான். கேள்வி நேர்மையானது. “பூட்டு பிடிக்கவில்லையானால் வாங்காமல் இருக்க உனக்கு முழு உரிமை உண்டு. வாங்காமலே எடுத்துக்கொள்ள அது உரிமையாகாது. உழைத்தவனும் பூட்டு இட்டவனும் பல சமயம் வேறு வேறு ஆள், நீ எடுத்துக்கொண்டால் முதலில் இழப்பவன் உழைத்தவனே” என்றேன். நம் நாட்டுச் சட்டத்தையும் எடுத்துக் காட்டினேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இடந்தருகிறது. அதே சட்டம், முறையாகப் பெற்ற கணினி நிரலுக்கு இழப்பு நேராதபடி ஒரு காப்புப் படி எடுத்து வைத்துக்கொள்ளவும் இசைகிறது. அண்ணன் இதைப் படித்திருக்கவில்லை போலும்.

பிறகு தீர்ப்பு. தனியே ஆடும் விளையாட்டை, பல ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்க விரும்பினால், கோப்பைக் கையில் தரும் கடையில் வாங்குவதே அறிவுடைமை என்றேன். நண்பரோடு கூடி ஆடுவதற்கானால் நண்பர் உள்ள இடத்திற்குத்தான் போகவேண்டும். ஆனால் அங்கே கொடுப்பது வாடகை போன்றது என்று தெரிந்தே கொடுக்கவேண்டும் என்றேன். “அப்படியானால் வாடகைக்கு ஏன் சார் முழு விலை?” என்று அடுத்த வீட்டுப் பிள்ளை கேட்டான். அதற்கு என்னிடம் விடையில்லை. அவ்வினாவைக் கடைக்காரர்களிடம்தான் கேட்கவேண்டும்.

இருவரும் அவரவர் கடையிலேயே வாங்கினர். என் பேரன் நிறுவு கோப்பை ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, என்னிடம் கொடுத்து, மேலே பெயரும் தேதியும் எழுதச் சொன்னான். என் எழுத்துத்தான் தெளிவாக இருக்குமாம். எழுதி, புத்தக அலமாரியில் அகராதிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தீபாவளி விடுமுறைக்கு இருவரும் வேறொரு விளையாட்டைக் குறித்து வைத்திருக்கின்றனர். அது ஒரே ஒரு கடையில்தான் கிடைக்குமாம்.