கல்லில் எழுதிய குறைகள்

குறையே இல்லாத மனிதரைக் காண வேண்டும் என்னும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. தலைவரிடத்திலும் ஆசிரியரிடத்திலும் பெற்ற மக்களிடத்திலும் அத்தகைய முழுமையைத் தேடுகிறோம். காணாதபோது மனம் கசந்து போகிறோம். நம்மிடத்தே ஒரு பிழை நேர்ந்துவிட்டாலோ, அதை மூடி மறைக்க முற்படுகிறோம். இந்த மயக்கத்தினின்றும் தெளிவதற்கு, அசோகச் சக்கரவர்த்தி எழுதுவித்த சாசனங்கள் நமக்குத் துணைபுரியும்.

மன்னர்கள் கல்லில் எழுதுவித்தவை பெரும்பாலும் தம் வெற்றியும் கொடையுமே. அசோகரோ, ஏறத்தாழ 2,250 ஆண்டுகளுக்கு முன்னர், தம் குறைகளையும் கல்லில் பொறிக்கச் செய்தார். குஜராத்தில் ஜுனாகட் நகரை அடுத்த கிர்நார் மலைப்பக்கத்தில் ஒரு பெரும்பாறை உள்ளது. அதில் அவருடைய 14 சாசனங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வரிசையில் அமைந்த மூன்று செய்திகளை மட்டும் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, கடைசிச் சாசனத்தில் உள்ளது. இவ்வெழுத்துகள் சில இடங்களில் நிறைவின்றி இருக்கக்கூடும். எழுதுவோனின் தவறும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்பது அதன் கருத்து. ஆணையோ பேரரசருடையது, எழுதியவனோ எளிய மனிதன். அவன் கை தவறக்கூடும் என்பதை அரசரே ஏற்று, அதையும் கல்லில் எழுதுவித்தார்.

இரண்டாவது, அரண்மனைச் சமையலறையைப் பற்றியது. முன்பெல்லாம் நாள்தோறும் கறிக்காகப் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன. இப்பொழுது கொல்லப்படுபவை இரண்டு மயில்களும் ஒரு மானுமே. மானும் எப்போதும் அன்று. இனி இம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்று முதற் சாசனம் கூறுகிறது. உயிர்க்கொலை கூடாது என்று ஊருக்கு உரைத்தவர், தம் அடுக்களையில் எஞ்சியிருந்த மூன்றையும் மறைக்கவில்லை.

மூன்றாவது, கலிங்கப் போர். முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின் நடந்த அப்போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், ஒன்றரை லட்சம் பேர் பிறந்த மண்ணைவிட்டுக் கொண்டுபோகப்பட்டனர் என்றும் 13-ஆம் சாசனம் சொல்லி வருந்துகிறது. ஆயினும் அந்த வருத்தமும் முழுமையானதன்று. கலிங்கத்தைத் திருப்பி அளித்ததாகவோ, சிறைப்பட்டோரை விடுவித்ததாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. காட்டில் வாழ்வோருக்கு, வருந்தும் வேந்தனிடத்தும் வலிமை உண்டு என்னும் எச்சரிக்கையே இருக்கிறது. கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இடங்களில் இச்சாசனம் பொறிக்கப்படவும் இல்லை. யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ, அவர் கண்முன் அந்த வருத்தம் எழுதப்படவில்லை.

இதனால் அசோகரை நாம் தள்ளிவிடுவதா? அன்று. 1950 ஜனவரி 26-ஆம் நாள், அவருடைய சாரநாத் சிங்கத் தூணின் உருவையே நாட்டின் இலச்சினையாக ஏற்றுக்கொண்டோம். குறையற்றவரையே போற்றுவது என்று துணிந்திருந்தால், அவரை மட்டுமன்று, எவரையுமே போற்ற இயலாது போயிருக்கும்.

ஆனால் குறையை ஏற்பது வேறு. குறைக்கு இடங்கொடுப்பது வேறு. குறைகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. எழுதுவோனின் பிழை பொறுக்கத் தக்கது. அடுக்களையின் குறை, ஒளிக்காமல் கணக்கிட்டுப் படிப்படியாகக் குறைக்கத் தக்கது. கலிங்கத்தின் கொடுமையோ, வருந்துவதோடு நில்லாமல் இயன்றமட்டும் ஈடுசெய்யத் தக்கது. அந்தக் கடைசிப் படியில் பேரரசரும் தயங்கி நின்றார்.

நம் இல்லங்களிலோ இம்முறை தலைகீழாக இருக்கிறது. குழந்தை எழுத்துப்பிழை செய்தால் கடிந்துகொள்கிறோம். நாம் பிறர் மனத்தைப் புண்படுத்தினால், மனித இயல்பு என்று நம்மை நாமே மன்னித்துக்கொள்கிறோம். இதை மாற்றிக்கொள்வோம். சிறு பிழைகளைப் பிறரிடத்தில் பொறுப்போம். பெரும் பிழையை நம்மிடத்தில் கண்டால், புண்பட்டவர் வீட்டு வாயிலுக்கே சென்று ஒப்புக்கொள்வோம். முழுமை நமக்குக் கிட்டப் போவதில்லை, நேர்மை கிட்டும்.