டிஸ்ரேலி ஆட்சியின் சமூகச் சட்டங்கள்: எட்டிய எல்லையும் எட்டாத எல்லையும்

நிலக்கிழார்களின் கட்சி என்று அறியப்பட்ட பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சி, 1875 என்ற ஒரே ஆண்டில் பொதுச் சுகாதாரம், தொழிலாளர் குடியிருப்பு, உணவுக் கலப்படத் தடுப்பு, தொழிற்சங்க உரிமை ஆகியவற்றுக்கு அடுத்தடுத்துச் சட்டம் செய்தது. அவற்றுள் எவை ஏழைகளின் வீட்டு வாசல்வரை போய்ச் சேர்ந்தன, எவை ஏட்டோடு நின்றன என்பதே இக்கருத்தரங்கின் மையக் கேள்வி.

1867இன் சீர்திருத்தச் சட்டம் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை தந்திருந்தது. மக்களின் உடல்நலமே ஓர் அமைச்சரின் முதற்கவலையாக வேண்டும் என்று 1872இல் மான்செஸ்டர் கூட்டத்தில் பெஞ்சமின் டிஸ்ரேலி முழங்கினார். ஆனால் 1874இல் ஆட்சி அமைத்தபோது அவரிடம் விரிவான திட்டம் எதுவும் இல்லை; அதைக் கண்டு வியந்ததாக உள்துறை அமைச்சர் ரிச்சர்ட் கிராஸே பின்னாளில் எழுதினார். சட்டங்களுக்கு உருக்கொடுத்த உழைப்பில் பெரும்பங்கு கிராஸுடையது.

புகைபோக்கிச் சிறுவர்களின் கதையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கரி படிந்த குறுகிய புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றித் துடைக்கும் வழக்கத்தை 1834, 1840, 1864 ஆண்டுகளின் சட்டங்கள் ஒழிக்க முயன்று தோற்றன. 1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனைப் புகைபோக்கியில் ஏற்றப்பட்ட சிறுவன் ஒருவன் மூச்சுத் திணறி இறந்தான். அதே ஆண்டில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த புதிய சட்டம், இத்தொழில் செய்வோர் ஆண்டுதோறும் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது. கண்காணிக்க ஓர் அமைப்பு வந்தது, வழக்கம் ஒழிந்தது.

தொழிலாளர் சட்டங்களின் பயனும் இதே அளவுக்குத் தெளிவானது. அதுவரை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையில் தள்ளலாம். மீறிய முதலாளிமீது உரிமையியல் வழக்கு மட்டுமே. 1875இல் இந்த வேற்றுமை நீங்கியது. அமைதியான மறியலும் குற்றப் பட்டியலிலிருந்து வெளியேறியது. லிபரல்கள் ஐம்பது ஆண்டுகளில் செய்ததைவிடக் கன்சர்வேடிவ்கள் ஐந்து ஆண்டுகளில் தொழிலாளருக்கு அதிகம் செய்தார்கள் என்று சுரங்கத் தொழிலாளர் தலைவர் அலெக்சாண்டர் மக்டொனால்டு 1879இல் சொன்னார். அவர் லிபரல் அணியைச் சேர்ந்தவர் என்பதால் அந்தச் சொல்லுக்கு எடை கூடுகிறது.

குடியிருப்புச் சட்டம் வேறு வழியில் போனது. சேரிகளை வாங்கி இடித்துப் புதிய வீடுகளுக்கு வழிசெய்ய நகரவைகளுக்கு அது அதிகாரம் தந்தது, கட்டாயப்படுத்தவில்லை. வரி கூடும் என்று அஞ்சிய நகரவைகள் ஒதுங்கிக்கொண்டன. சட்டம் பொருந்திய 87 நகரங்களில் 1881 வரை பத்து மட்டுமே அதைப் பயன்படுத்தின. பர்மிங்காமில் மேயர் ஜோசப் சேம்பர்லேன் துணிந்து இறங்கினார். அங்கே எழுந்தது கார்ப்பரேஷன் தெரு என்னும் எழிலான கடைவீதி. இடம்பெயர்ந்த ஏழைகளுக்கு அதற்கு ஈடான வீடுகள் எழவில்லை.

கப்பல்களின் சுமைக்கோடும் அப்படித்தான். சாமுவேல் பிளிம்சாலின் போராட்டத்தால் 1876இல் அது சட்டமாயிற்று. எனினும் கோட்டை எங்கே இடுவது என்பதைக் கப்பல் உரிமையாளரே முடிவு செய்தார். அந்த ஓட்டை 1890இல்தான் அடைபட்டது.

இதே அமைச்சரவையின் காலத்தில்தான் சென்னை மாகாணம் 1876–78 பஞ்சத்தில் மடிந்தது. டிஸ்ரேலி அனுப்பிய வைஸ்ராய் லிட்டன்; அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவு உடலைத் தாங்காது என்று விடாமல் எதிர்த்தார். இங்கிலாந்தில் உடல்நலத்தை அரசின் கடமையாக ஏற்றவர்கள் இங்கே செலவைக் கணக்கிட்டார்கள். இந்த முரணைத் தவிர்த்துவிட்டு அந்த ஆட்சியை மதிப்பிடுவது நியாயமாகாது.

எனவே சட்ட வாசகங்களோடு நகரவைகளின் வரிக் கணக்கையும், சுகாதார அலுவலர்களின் ஆண்டறிக்கைகளையும், பஞ்ச ஆணையத்தின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வுகளை இந்த அவை எதிர்பார்க்கிறது. முதல் அமர்வு குடியிருப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளும். சென்னைப் பஞ்சம் பற்றிய விவாதம் அதைத் தொடரும்.