பேச்சிழந்தோரும் தாய்மொழிப் பயிற்சியும்
(டாலிகஞ்சில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் மேடைப் பேச்சாளர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட இரயில்வே எழுத்தர். ஆயினும் பேச்சைப் பற்றிப் பேசும் உரிமையை எம் இல்லத்துத் துன்பம் தந்துவிட்டது.

எம் தமையனாரும் இரயில்வே ஊழியரே. 2023-ஆம் ஆண்டில் பக்கவாதம் கண்டு, வலக்கையும் வாக்கும் ஒருங்கே வீழ்ந்தன. மருத்துவர்கள் உயிரைக் காத்தனர், அவர்களைக் கைகூப்புகிறோம். ஆனால் வீட்டுக்கு அனுப்புங்கால் மாத்திரைச் சீட்டைத் தந்தனர், கைக்குப் பயிற்சி சொன்னார்கள். பேச்சுக்கும் பயிற்சியாளர் உண்டென்று எவரும் சொல்லவில்லை. "போனது போனதுதான்" என்று உறவினர் தேற்றினர். யாமும் நம்பினோம். ஏழு மாதங்கள் வீணாயின.

இக்குறைக்கு அஃபேசியா என்று பெயர். செவி கேட்கும், நாவும் அசையும், அறிவும் இருக்கும். சொல் மட்டும் அகப்படாது. மூளையின் இடப்பக்கத்துச் சேதமே பெரும்பாலும் காரணம். பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா 1865-லேயே இதனைக் காட்டினார். வியப்பு யாதெனில், மனத்தில் ஊறிய தொடர்கள் சிலருக்குத் தப்பிப் பிழைக்கின்றன. தண்ணீர் கேட்க இயலாத தமையனார், "சியால்தா" என்று யாம் தொடங்கினால், பார்க் சர்க்கஸ், பாலிகஞ்ச், லேக் கார்டன்ஸ், டாலிகஞ்ச் என மாஜேர்ஹாட் வரை ஓடிவிடுவார். "நம் வீடு எங்கே?" என்றாலோ வாய் திறவாது. வண்டி ஓடுகிறது; வேண்டிய நிலையத்தில் நிற்கவில்லை!

இந்நகரில் வழியில்லாமல் இல்லை. பம்பாயில் 1983-இல் தோன்றிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் வட்டார மையம் பொன்ஹூக்ளியில் இருக்கிறது. இன்று உத்தம்குமார் பெயர் தாங்கும் நம் மெட்ரோ நிலையத்தில் ஏறி, வராநகரில் இறங்கலாம். பேச வராத குழந்தைகளுக்குப் படப்பலகை முதலியவற்றால் வழிகாட்டும் இந்தியப் பெருமூளை வாத நிறுவனம், 1974-இல் தொடங்கியது, அருகே தாராதலாவிலேயே உள்ளது. அஃபேசியாவால் நிலைத்துவிட்ட பேச்சுக் குறையை 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. இவற்றை யாம் காலங்கடந்தே அறிந்தோம்.

அறிந்த பின்னும் ஓர் இடர். ஓரிடத்தில் வங்காளத்தில் சோதித்தனர். முப்பதாண்டு வங்காளம் பேசியவர்தாம். ஆயினும் பன்மொழி அறிந்தோர்க்கு எல்லா மொழியும் ஒரே அளவில் மீள வேண்டுமென்பதில்லை. "சாமச்" எது என்றதற்கு விழித்தார். புரிதல் குறைவு என்று எழுதினர். உடன் வந்த எம் மகள், "பெரியப்பா, கரண்டி எது?" என்றாள். உடனே தொட்டார். அப்பயிற்சியாளர், இளைஞர், நல்லவர், எழுதியதை அடித்துவிட்டு, "அடுத்த முறையும் இப்பெண்ணை அழைத்து வாருங்கள்" என்றார்.

எல்லா வீட்டிலும் ஓய்வுள்ள மகள் இருப்பாளா? ஆதலின் சங்கத்தாரை ஒன்று வேண்டுகிறோம். தமிழ்க் குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறை நேர்ந்தால், பயிற்சிக்கு உடன் சென்று தமிழில் எடுத்துரைக்க அறுவர் முன்வர வேண்டும். தோசைக்கல், செம்பு, மூக்குக் கண்ணாடி போன்ற நம் வீட்டுப் பொருள்களின் படமும் பெயரும் கொண்ட ஏடொன்று நூலகத்தில் இருக்க வேண்டும். முதற் பெயராக எம் பெயரை எழுதிக்கொள்க.

தமையனார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். விழா முடிந்ததும் அவரிடம் பேசுங்கள். உரக்கப் பேச வேண்டா, செவி நன்று. விடை வரச் சற்று நேரமாகும். இடையில் சொல்லெடுத்துக் கொடாமல் காத்திருங்கள்.