சம்பளச் சீட்டை யார் வாசிப்பது?

(திண்டுக்கல்லில் மாணவர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஆய்வாளர் என்னதான் செய்கிறார் என்று பேசச் சொன்னீர்கள். எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். என் அக்கா பத்தாம் வகுப்பு முடித்ததும் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலைக்கு கேம்ப் வேலைக்குப் போனாள். மூன்று வருடம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவார்கள். அதைக் கல்யாணச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலமாக ஒரு பெயர். கடைசியில் வந்த பணத்தில் ஒரு பகுதி என் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது. நான் இன்று முனைவர் பட்ட ஆய்வாளர். அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். "யாருக்குடி தெரியும், அவங்க எழுதுனதுதான் கணக்கு" என்றாள்.

அந்தப் பதிலில் இருந்துதான் என் வேலை தொடங்குகிறது. பேச்சுவார்த்தை மேசையை மனதில் கொண்டு வாருங்கள். நிர்வாகத்தின் பக்கம் வருகைப் பதிவேடு இருக்கிறது, சம்பளப் பட்டியல் இருக்கிறது, உற்பத்திக் கணக்கு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். தொழிலாளர் பக்கம் இருப்பது ஞாபகம் மட்டும்தான். "போன தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்தாப்புல பார்த்தோம்" என்று ஒரு அக்கா சொன்னால், "எந்தத் தேதி, ஆதாரம் எங்கே" என்று எதிர்ப்பக்கம் கேட்கும். அந்த ஞாபகத்தைத் தேதியும் தொகையும் உள்ள கணக்காக மாற்றுவதுதான் சங்க ஆய்வாளரின் முதல் வேலை.

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சம்பளச் சீட்டுகளைச் சேகரிக்கிறோம். அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் மாறும். அது சீட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். பி.எஃப். பிடித்திருந்தால் கணக்கில் கட்டியிருக்கிறார்களா, இ.எஸ்.ஐ. எண் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம். மில் வண்டி காலையில் எத்தனை மணிக்கு ஊருக்குள் வருகிறது, இரவு எத்தனை மணிக்குத் திரும்ப இறக்கிவிடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறோம். எட்டு மணி நேர வேலை என்று சீட்டில் இருக்கும். வண்டி நேரமும் சீட்டும் பொருந்தாத இடத்தில் நமக்கு ஒரு கோரிக்கை கிடைக்கிறது.

ஆனால் இந்த வேலையில் நான் செய்த முதல் தவறைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் பழகிய மாதிரி ஒரு கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு போனேன். முதலில் கூலி, பிறகு வேலை நேரம், விடுப்பு, கழிவறை. கடைசிப் பக்கத்தில், வயது, படிப்போடு சேர்த்து, சாதி என்று ஒரு கட்டம். எரியோடு பக்கம் ஒரு காலனியில் சங்கத்தின் மூத்த அக்கா ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதை ஏன் கடைசில வச்சிருக்க? வேலைக்குப் போனா அவங்க மொதல்ல கேக்குறதே எந்த ஊரு, எந்தத் தெருன்னுதானே?"

அதற்குப் பிறகு அதே சீட்டுகளை வேறு மாதிரி அடுக்கினோம். யார் எந்தத் தெரு, யாருக்கு எந்த வேலை என்று. பஞ்சு தூசி அதிகம் பறக்கும் இடத்திலும் கழிவறை கழுவும் வேலையிலும் யார் இருக்கிறார்கள், மேற்பார்வையாளர் பதவிக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறது, யாரை "வாம்மா" என்கிறார்கள், யாரை "வாடி" என்கிறார்கள். கூலிக் கோரிக்கையை மட்டும் எழுதிக்கொண்டிருந்த எங்கள் பட்டியலில் பெண்கள் ஒரு வரியை முதல் இடத்துக்குக் கொண்டு வந்தார்கள்: மேற்பார்வையாளர் மரியாதையாகப் பேச வேண்டும். எனக்கு அது அப்போது சின்னக் கோரிக்கையாகத் தெரிந்தது. டார்கெட் முடியவில்லை என்று திட்டும் வார்த்தையில் சாதியும் பெண் உடம்பும் ஒன்றாக வருகிறது என்பதை அவர்கள் எனக்கு விளக்கிய பிறகுதான், அந்த வரி ஏன் முதலில் நிற்கிறது என்று புரிந்தது.

இது திண்டுக்கல்லில் இன்றைக்கு முளைத்த சங்கதி இல்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதாருக்கு இடம் இல்லாமல் இருந்தது. அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்த வேண்டியிருந்ததால் தீட்டு என்றார்கள். கூலி அதிகம் கிடைத்த பிரிவும் அதுதான். சக தொழிலாளிகளே அந்தக் கதவை மூடினார்கள், சங்கங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அதனால்தான் 1938-இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசிய பாபாசாகேப், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் தொழிலாளர்களின் எதிரிகள் என்றார். அதே ஆண்டு நவம்பரில், வேலைநிறுத்த உரிமையைச் சுருக்க வந்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சி கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தியது.

நம்மில் பலர் கவனிக்காத இன்னொரு செய்தி. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943-இல் அம்பேத்கர் ஒரு மசோதா கொண்டுவந்தார். தொழிற்சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்பதற்கான திருத்தம் அது. 1947-இல் அந்த வழியில் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது, ஆனால் கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது, ஆனால் அதனோடு உட்கார்ந்து பேசு என்று முதலாளியை அது கட்டாயப்படுத்தவில்லை. பதிவுக்கே எவ்வளவு பாடு என்பதை ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் காட்டினார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. இப்போது வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கம் என்கிறது. ஹாஸ்டலுக்குள் அடைபட்ட பெண்களிடம், மில் வாசலைக்கூட நெருங்க முடியாத ஒரு சங்கம் அந்த 51-ஐ எப்படி எட்டும்? சட்டம் இதற்குப் பதில் சொல்வதில்லை.

இந்தச் சூழலில்தான் நம் மாவட்டத்தில் நடந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் நாச்சி அப்பேரல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். 2013-லிருந்து இயங்கும், பெண்கள் தலைமை தாங்கும், தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதைத் தனி ஒருவனின் குற்றமாக மட்டும் பார்க்க மறுத்தது. பெண்கள் வெளியே வந்து பேசினார்கள். வொர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியம் என்ற அமைப்பு விசாரித்தது. ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் இணைந்தன. உலகம் அதை திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அழைக்கிறது.

அதில் என்ன புதுசு? நிறுவனங்கள் தாமாக வெளியிடும் நன்னடத்தை விதிகள் ஏற்கெனவே எத்தனையோ இருந்தன. தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் தரை பளபளக்கும், பெண்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக்கொடுக்கப்படும். இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தக்கூடியதாக இருந்தது. தொழிற்சாலை மீறினால் வாங்கும் நிறுவனம் வியாபாரத்தில் அதற்கு விலை கொடுக்க வைக்க வேண்டியிருந்தது. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லித் தடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த கண்காணிப்பாளர்கள் தையல் லைனுக்குள்ளேயே இருந்தார்கள். முதல் ஆண்டில் 185 முறையீடுகள் வந்தன, அவற்றில் 98 சதவீதம் தீர்க்கப்பட்டன. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு காகிதத்தில் எல்லா இடத்திலும் உண்டு. பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவர் நம் சங்கத்து ஆள் என்றால்தான் ஒரு பெண் வாய் திறப்பார்.

2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி தொழிற்சாலையின் சரக்கைத் தடை செய்தது. நிலைமை மோசமாக இருந்த காலத்தில் வராத தடை, பெண்கள் போராடி ஒப்பந்தம் வாங்கிய பிறகு வந்தது. ஒப்பந்தத்தின் கீழ் என்ன மாறியது என்பதைக் காட்ட வேண்டியிருந்தது; செப்டம்பரில் தடை நீங்கியது. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குத் தொழிலாளர்களே வைத்திருக்கும் பதிவுதான் வேலையையும் காப்பாற்றும் என்பதை நான் அதில் கற்றுக்கொண்டேன்.

இனி ஆய்வாளர்களைப் பற்றி, அதாவது என்னைப் பற்றி. என் ஆய்வேட்டில் வாக்குமூலங்கள் வைத்து ஒரு அத்தியாயம் எழுதியிருந்தேன். ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொல்லியிருந்தார். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். துறையில் படித்தவர்கள் அதுதான் ஆய்வேட்டின் பலமான பகுதி என்றார்கள். சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "எந்த ஷிஃப்ட்டு, எந்த மிஷினுன்னு எழுதியிருக்கியே பாப்பா, எங்க சூப்பர்வைசருக்கு இது போதுமே" என்றார். கூட்டம் முடிந்ததும் சங்கம் சொன்னது: கணக்கு எல்லாம் வெளியே போகட்டும், இது போக வேண்டாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருட உழைப்பு அது. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். ஆய்வேடு மெலிந்ததுதான், ஒரு வருடம் தள்ளிப்போனதுதான். ஆனால் அவருக்கு வேலை போயிருந்தால் எனக்குக் கிடைக்கும் பட்டத்தை என்ன செய்வது? நம் மக்களின் துன்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கிய பலரை நாம் பார்த்திருக்கிறோம். நாமே அந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதால் நமக்கு விதிவிலக்கு கிடைத்துவிடாது.

இப்போது எங்களுக்குள் ஒரு முறை வைத்திருக்கிறோம். சேகரித்த தாள்கள் சங்கத்திடம் இருக்கும், நகல்தான் என்னிடம். எந்த அட்டவணையையும் முதலில் பெண்கள் கூட்டத்தில் வாசிப்பேன். மேசையில் நான் பேசுவதில்லை, பின்னால் உட்கார்ந்து கேட்ட எண்ணை எடுத்துக் கொடுப்பேன். போன பேச்சுவார்த்தையில் நிர்வாகத் தரப்பு அதிகாரி ஒருவர் என்னைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் மூத்த அக்கா மேசையை விரலால் தட்டி, "சார், இங்க பார்த்துப் பேசுங்க, கணக்கு எங்ககிட்ட இருக்கு" என்றார். என் அக்காவின் பதில் எனக்கு ஞாபகம் வந்தது.

தோழர்களே, உங்களில் பலர் வீட்டிலிருந்து யாரோ ஒருவர் காலையில் மில் வண்டி ஏறுகிறார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவின், அக்காவின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். சீட்டே தருவதில்லை என்றால், சங்கத்துக்குச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.