மின்மக் கலவையில் அலை உடையும் எல்லை

கரையை அணுகும் கடலலை, முகடு முந்த அடி பிந்தத் தன்மேல் தானே கவிழ்ந்து உடைவதைக் காணாதார் இலர். பிளாசுமா எனப்படும் மின்மக் கலவையிலும் அத்தகைய உடைவு உண்டு. ஆங்கு ஊசலாடுவன எதிர்மின்னிகள். எடை மிக்க நேர்மின் அணுக்கள் ஏறத்தாழ அசைவின்றி நிற்கும்.

இவ்வுடைவை 1959-இல் தெளிவுறக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் சான் இடாசன். வெப்பமே இல்லாத தண்கலவையில் ஓரிடத்து எதிர்மின்னிகள் யாவும் ஒரே விரைவின. அவ்விரைவு அலையின் விரைவை எட்டியதும் அடுக்குகள் ஒன்றையொன்று முந்துகின்றன, அடர்த்தி முடிவிலியாகிறது, பாய்மக் கணக்கும் அங்கேயே முறிகிறது. கன செண்டிமீட்டரில் 10-இன் 18-ஆம் அடுக்கு எதிர்மின்னிகள் இருந்து, அலையும் ஏறத்தாழ ஒளியின் விரைவில் ஓடுமாயின், இடாசனின் எல்லை மீட்டருக்கு 9,600 கோடி வோல்ட்டு. சார்பியலைச் சேர்த்து அக்கியெசரும் பொலோவினும் 1956-இலேயே செய்த கணக்கின்படியோ, அலைவிரைவு ஒளிவிரைவை நெருங்க நெருங்க எல்லை வரம்பின்றி உயரும்.

தண்மை கணக்கிற்கு எளிது, இயற்கையில் இல்லை. வெப்பமுள்ள கலவையில் அழுத்தம் செறிவைத் தடுக்கும். ஆயினும் சிதறிய விரைவுகளுள் மிக்கவை அலையை முன்னரே எட்டிவிடுதலின் எல்லை தாழும். எவ்வளவு தாழும் என்பதிலேதான் வழக்கு.

1971-இல் காஃபி 'நீர்ப்பை' என்னும் கோட்பாட்டைக் கையாண்டார். விரைவுகள் இரு கரைகளுக்கிடையே ஒரே சீராய் நிரம்பியிருக்கும். மேற்கரை அலைவிரைவைத் தொடுவதே உடைவு. இதனைச் சார்பியலுக்கு விரித்த காட்சூலியாசும் மோரியும் 1988-இல், எல்லை மடக்கை அளவில் மெல்ல உயரும், ஆயின் ஓரிடத்தும் நில்லாது என்றனர். சுரோடரும் எசாரேயும் சாடுவிக்கும் 2005-இல் பரவலின் வடிவை வரையறாது, சிதறல் சிறிது என்று மட்டும் கொண்டு, ஒளியின் விரைவிலும் எல்லை முடிவுள்ளதே என்றனர். இட்ரைன்சும் நோரீசும் 2006-இல் அதனை மறுத்தனர்.

வேர் ஒன்றுதான். அடர்த்தியை அறிய உந்தம் வேண்டும், உந்தத்திற்கு அழுத்தம், அழுத்தத்திற்கு வெப்ப ஓட்டம். முடிவிலாத இத்தொடரை எங்கேனும் அறுத்தாக வேண்டும். அறுக்குமிடம் மாறின் விடையும் மாறும். இது வெறுங் கணக்குப் பூசலும் அன்று. சீரொளியால் அலை எழுப்பி எதிர்மின்னிகளை முடுக்கலாம் என்று தயிமாவும் இடாசனும் 1979-இல் காட்டினர். அம்முடுக்கியின் உச்ச வலிமை இவ்வெல்லையே. மேலும், நீர்ப்பைக்குக் கூரிய கரையுண்டு, உண்மைக் கலவைக்கோ நீண்ட வாலுண்டு. அவ்வாலிலுள்ள சில எதிர்மின்னிகள் அலை உடையுமுன்னரே அதனுள் சிக்கி முடுக்கப்படும்.